சந்தேக வளையத்துக்கு வெளியே: உளவு வரலாற்றில் பெண்கள்

பெண் உளவாளி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் மாதா ஹரி. நடன மேடை, நகைகள், ராணுவ அதிகாரிகளின் சகவாசம், கடைசியில் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற உருவம். நூறு ஆண்டுகளாக சினிமாவும் நாவல்களும் இந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன. ஆனால் உளவாளி என்று பார்த்தால் மாதா ஹரி அநேகமாக எதையுமே சாதிக்கவில்லை.

அவருடைய இயற்பெயர் மார்கரீத்தா செல்லே. நெதர்லாந்தில் 1876இல் பிறந்தார். ராணுவ அதிகாரியை மணந்து சில ஆண்டுகள் ஜாவாவில் வாழ்ந்தார், மணவாழ்க்கை முறிந்து பாரிஸுக்கு வந்தார், 1905இல் கீழைநாட்டுக் கோயில் நடனக்காரி என்று சொல்லிக்கொண்டு மேடையேறினார். முதல் உலகப் போர் வந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது, மேடை வாய்ப்புகள் குறைந்திருந்தன. ஜெர்மானியர்களிடம் 20,000 பிராங்க் வாங்கினார். பிரெஞ்சு உளவுத்துறைக்கும் வேலை செய்ய ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கமும் உருப்படியான தகவல் எதையும் அவர் கொடுத்ததாகத் தெரியவில்லை. 1917 பிப்ரவரியில் கைது, ஜூலையில் மூடிய அறையில் ராணுவ விசாரணை, அக்டோபர் 15 அன்று மரண தண்டனை.

அந்த ஆண்டின் நிலவரத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். ஏப்ரலில் பிரான்ஸின் பெரிய தாக்குதல் படுதோல்வி அடைந்திருந்தது. படைகளுக்குள்ளேயே கலகம் வெடித்திருந்தது. தோல்விக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் போகிற, பல அதிகாரிகளோடு பழகிய, வெளிநாட்டுக்காரியான ஒரு நாட்டியக்காரியைவிடத் தோதான ஆள் கிடைத்திருக்க மாட்டார். அவரைச் சிக்கவைத்த உளவு அதிகாரி ஜார்ஜ் லதூவே சில நாள்களில் அதே வகைக் குற்றச்சாட்டில் கைதானார், பிறகு விடுவிக்கப்பட்டார். அவர் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

சரி, அதே போரில் உண்மையாகவே வேலை பார்த்த பெண்கள் எங்கே இருந்தார்கள்? ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பெல்ஜியத்தில், ரயில் பாதையை ஒட்டிய வீடுகளின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். 'வெள்ளைச் சீமாட்டி' என்ற பெயரில் இயங்கிய ஒற்றர் வலையில் ஏறக்குறைய ஆயிரம் பேர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்த ரயில் எத்தனை மணிக்குப் போனது, அதில் எத்தனை பெட்டி, ஆளா குதிரையா பீரங்கியா என்று எண்ணுவதுதான் முக்கிய வேலை. அந்தக் காலத்தில் படைகள் ரயிலில்தான் நகர்ந்தன. ரயில்களைச் சரியாக எண்ணினால் அடுத்த தாக்குதல் எங்கே என்று ஊகித்துவிடலாம். பாதையோரத்து வீடு ஒன்றில் பகல் நேரக் காவல் 13, 14 வயதுச் சிறுமிகள் இருவருடையது. வீரர்களுக்கு அவரைக்கொட்டை, பீரங்கிக்குக் காப்பிக்கொட்டை என்று ஒதுக்கி எண்ணிவைப்பார்கள். யாராவது கதவைத் தட்டினால் அது வெறும் சமையலறைச் சாமான்.

இந்த வலை இன்னொரு விதத்திலும் விசேஷமானது. எங்களை வேவுக்காரர்கள் என்று அல்ல, படைவீரர்கள் என்றே நடத்த வேண்டும் என்று அவர்கள் பிரிட்டனிடம் நிபந்தனை வைத்தார்கள். பெண்களும் ஆண்களைப் போலவே உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். வாக்குரிமை கூட இல்லாத பெண்கள் ராணுவத் தகுதியைக் கேட்டு வாங்கினார்கள் என்பது எனக்கு ரயில் எண்ணிக்கையைவிட முக்கியமாகப் படுகிறது.

இப்படி யார் கண்ணையும் உறுத்தாமல் இருப்பதன் பயன் பழங்காலத்துக்கே தெரியும். எங்கே போனாலும் சந்தேகத்துக்கு இடம் தராத உருவம் ஒற்றருக்கு வேண்டும் என்கிறது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம். அர்த்தசாஸ்திரம் இன்னும் நேராகவே பேசுகிறது: பிழைப்புக்கு வழியில்லாத, ஆனால் துணிச்சலுள்ள விதவை ஒருத்தியைத் துறவிக்கோலத்தில் அமைச்சர் வீடுகளுக்குள் அனுப்பலாம் என்கிறது. கௌடில்யர் தேடியது அழகியை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த வீட்டு வாசலிலும் தடுத்து நிறுத்தப்படாத ஒருத்தியைத்தான் அவர் தேடினார்.

உளவுத்தொழிலில் பெண்களின் பெரிய பலம் கவர்ச்சி என்பது பெரும்பாலும் கதைக்காரர்களின் கற்பனை. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற எதிராளியின் அலட்சியம்தான் அவர்களுடைய உண்மையான மறைவிடம். அதே அலட்சியம் சொந்த அலுவலகத்திலும் இருந்தது என்பது கதையின் அடுத்த பாதி. எதிரியின் கண்ணிலிருந்து காப்பாற்றிய அது, சொந்த நாட்டின் சம்பளப் பட்டியலிலும் பதவி உயர்விலும் பதக்க வரிசையிலும் அவர்களைக் காணாமல் போகவைத்தது.

தகவல் வந்தது, கூலி வரவில்லை

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்காக 1666இல் ஆண்ட்வெர்ப்புக்கு வேவு பார்க்கப் போன அஃப்ரா பென், செலவுக்குப் பணம் அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினார். பணம் வரவில்லை. கடனோடு ஊர் திரும்பினார். அப்புறம் நாடகம் எழுதிப் பிழைத்தார், எழுத்தையே தொழிலாகக் கொண்ட முதல் ஆங்கிலப் பெண்களில் ஒருவரானார். இலக்கியத்துக்கு லாபம்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். ஹாரியட் டப்மன் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர், பலரைத் தப்பவைத்தவர். அந்தப் புகழ் அவருடைய உளவு வேலையை மறைத்துவிட்டது. தென் கரோலினாவின் கம்பாகி ஆற்றங்கரையில் இருந்த அடிமைகளிடமிருந்து கண்ணிவெடிகள் எங்கே, காவல் எங்கே என்ற தகவலைத் திரட்டினார். 1863 ஜூன் 2 அன்று அந்தத் தகவலை வைத்து, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தெற்கோடு போரிட்ட வடக்குப் படையின் கப்பல்கள் ஆற்றில் ஏறின, 700க்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு வெள்ளைக்கார ஒற்றரால் அந்தத் தகவலை வாங்கியிருக்கவே முடியாது. எஜமானர்களோ அடிமைகள் முன்னால் எதையும் மறைத்துப் பேசியவர்கள் அல்லர். அவர்களை மனிதர்களாகவே கணக்கில் எடுக்காதபோது மறைக்க என்ன இருக்கிறது? போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டப்மன் ஓய்வூதியத்துக்குப் போராடினார். கடைசியில் 1899இல் மாதம் 20 டாலர் கிடைத்தது. அதில் 8 டாலர் முன்னாள் படைவீரரின் விதவை என்பதற்காக, மீதி செவிலியராக இருந்ததற்காக. உளவு பார்த்ததற்கென்று ஒரு காசும் இல்லை.

தெற்கின் தலைநகரான ரிச்மண்டிலேயே இருந்துகொண்டு வடக்குக்கு வேவு பார்த்த எலிசபெத் வான் லூ வசதியான வீட்டுப் பெண். சிறையில் கிடந்த வடக்கு வீரர்களுக்குச் சாப்பாடும் புத்தகமும் எடுத்துப்போகும் கருணைக்காரியாக உள்ளே நுழைந்தார், தகவலோடு வெளியே வந்தார். வடக்குப் படையின் தளபதியாக இருந்த கிராண்ட் ஜனாதிபதியானதும் அவரை ரிச்மண்டின் தபால் அதிகாரியாக்கி நன்றிக்கடன் தீர்த்தார். ஆனால் சொந்த ஊர் அவரை மன்னிக்கவில்லை. போர் முடிந்த அடுத்த ஆண்டே தன்னைப் பற்றிய ஆவணங்களைப் போர்த்துறையிடமிருந்து கேட்டு வாங்கி அவர் அழித்துவிட்டார். இந்தத் துறையில் பெண்களைப் பற்றிய ஆவணம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அக்கம்பக்கத்தாருக்கு நடுவே தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது.

சைக்கிளில் போன வயர்லெஸ்

இரண்டாம் உலகப் போரில், ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்குள் ஆள் அனுப்ப பிரிட்டன் 1940இல் ஒரு தனி அமைப்பைத் தொடங்கியது. அதன் பிரான்ஸ் பிரிவு அனுப்பியவர்களில் 39 பேர் பெண்கள். இது பெருந்தன்மையால் நடந்ததல்ல. பிரான்ஸில் இளவயது ஆண் ஒருவன் பட்டப்பகலில் தெருவில் சும்மா நடந்தால் உடனே கேள்வி வரும். 1943 பிப்ரவரியில் கட்டாய உழைப்புக்கு ஜெர்மனிக்கு ஆள் பிடிக்கும் சட்டமும் வந்த பிறகு ஆண்கள் வெளியே தலைகாட்டுவதே ஆபத்தானது. கூடையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிற பெண்ணோ ஊர் முழுக்க இருந்தாள். பெண்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று ராணுவ விதி இருந்தது. அதனால் பலரை ஒரு தன்னார்வச் செவிலியர் அமைப்பின் உறுப்பினர்களாகக் காட்டி அனுப்பினார்கள். பிடிபட்டால் போர்க்கைதி என்று உரிமை கேட்பதற்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பது அனுப்பியவர்களுக்கே நிச்சயமில்லை.

நூர் இனாயத் கான் அப்படிப் போனவர். திப்பு சுல்தான் வழிவந்த சூஃபி குடும்பம், மாஸ்கோவில் பிறப்பு, பாரிஸில் வளர்ப்பு, குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். பயிற்சியாளர்களில் சிலர் அவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றே எழுதினார்கள். 1943 ஜூனில் பிரான்ஸில் இறங்கினார். அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர்தான். போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே பாரிஸ் வலையை ஜெர்மானியர்கள் அறுத்தார்கள், சக ஒற்றர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வரச் சொன்னபோது மறுத்துவிட்டார். வயர்லெஸ் இயக்குபவர் ஆறு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிது என்ற நிலையில், வீடு மாற்றி வீடு மாற்றி ஏறக்குறைய நான்கு மாதம் லண்டனோடு தொடர்பைக் காத்தார். அக்டோபரில் பிடிபட்டார். விசாரணையில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஜெர்மானியர்கள் அதை வைத்து அவர் பெயரிலேயே லண்டனோடு பேசினார்கள், நம்பி வந்து இறங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வீரத்தைப் புகழும் கட்டுரைகள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றன. என் கணக்கில் அதில் அவர் பங்கைவிட, அந்தச் செய்திகளைச் சந்தேகிக்காத லண்டன் அலுவலகத்தின் பங்குதான் பெரிது. மாதக்கணக்கில் சங்கிலியில் கிடந்து, 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் வேறு மூன்று பெண் ஒற்றர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது அளிக்கப்பட்டது.

பேர்ல் விதரிங்டன் கதை வேறு மாதிரி முடிந்தது. தலைவர் பிடிபட்டதும் தானே பொறுப்பை ஏற்று, ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக் கெரில்லாக்களை வழிநடத்தினார். போருக்குப் பிறகு பிரிட்டன் அவருக்குக் கொடுக்க முன்வந்தது குடிமக்களுக்கான ஒரு விருதை. ராணுவச் சிலுவை பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். தான் செய்ததில் குடிமக்கள் வேலை எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார். பாராசூட் வீரர்கள் அணியும் சிறகுச் சின்னமும் அவருக்கு மறுக்கப்பட்டது: பெண்களுக்குப் பயிற்சியில் ஒரு குதிப்பு குறைவாகக் கொடுத்திருந்தார்கள், அதனால் கணக்கு இடித்தது. அந்தச் சின்னம் 2006இல்தான் அவர் கைக்கு வந்தது. வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

அமெரிக்கரான வர்ஜீனியா ஹால் ஒரு வேட்டை விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அதைக் காரணம் காட்டி அமெரிக்க வெளியுறவுத்துறை அவருக்குத் தூதரக அதிகாரிப் பணியை மறுத்தது. பிரிட்டிஷ் அமைப்போ அவரை பிரான்ஸின் லியோன் நகருக்கு அனுப்பியது. 1942 குளிர்காலத்தில் மரக்காலோடு பிரனீஸ் மலையை நடந்தே கடந்து தப்பினார். வழியில் கத்பர்ட் தொந்தரவு தராது என்று நம்புவதாகச் செய்தி அனுப்பினார். கத்பர்ட் என்பது மரக்காலுக்கு அவர் வைத்த செல்லப்பெயர். தொந்தரவு தந்தால் கத்பர்ட்டைத் தீர்த்துவிடவும் என்று லண்டன் பதில் அனுப்பியது. ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவர் முகத்தை அறிந்திருந்தும் 1944இல் திரும்பவும் பிரான்ஸுக்குப் போனார், இந்த முறை நரைத்த தலையோடு ஒரு கிராமத்துக் கிழவியாக. போரில் அமெரிக்காவின் உயர் ராணுவச் சிலுவை பெற்ற ஒரே சிவிலியன் பெண் அவர். பிறகு அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவில் சேர்ந்து, களத்தில் காலே வைக்காத ஆண்களுக்குக் கீழே வேலை பார்த்து 60 வயதில் ஓய்வுபெற்றார்.

அலட்சியத்தை ஆயுதமாக்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜானி ரூசோ. பாரிஸில் ஜெர்மன் அதிகாரிகளோடு வியாபாரம் பேசிய ஒரு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர், வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. விருந்துகளில் அதிகாரிகள் புதிய ராக்கெட்டுகளைப் பற்றிப் பெருமையடிப்பார்கள். இவர் கண்ணை அகல விரித்து, அப்படியெல்லாம் இருக்கவே முடியாது, கேலி செய்கிறீர்கள் என்பார். நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வெறியில் ஒருவர் வரைபடத்தையே காட்டினார். எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொண்டு வந்து ஒப்பித்தார். ஹிட்லரின் ராக்கெட் திட்டம் பற்றி லண்டனுக்குக் கிடைத்த மிக நல்ல அறிக்கைகளில் அவருடையது ஒன்று.

அந்த அறிக்கை போய்ச் சேர்ந்த 'அலையன்ஸ்' வலைக்குத் தலைவரும் ஒரு பெண்தான், மரி மதலேன் ஃபூர்கேட். சுமார் 3,000 பேர் கொண்ட அமைப்பு. தலைவர் பெண் என்று தெரிந்தால் பிரிட்டிஷார் என்ன சொல்வார்களோ என்று முதலில் வெறும் குறியீட்டு எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பிரெஞ்சு விடுதலைப் போராட்டத் தலைவர் ட கோல் 1,038 பேரை 'விடுதலைத் தோழர்கள்' என்று கௌரவித்தார். அதில் பெண்கள் 6 பேர். ஃபூர்கேட் அந்த ஆறில் இல்லை.

மோகவலையை யார் விரித்தார்கள்?

கவர்ச்சி காட்டிச் சிக்கவைக்கும் மோகவலை கட்டுக்கதை என்று முழுதாகத் தள்ளிவிட முடியாது. இஸ்ரேலின் அணுரகசியத்தை வெளியிட்ட வனுனுவை 1986இல் ரோம் நகருக்கு வரவழைத்தது ஒரு பெண் ஒற்றர்தான். ஆனால் அதை ஒரு தொழில்முறையாகவே வளர்த்தவர்கள் கிழக்கு ஜெர்மானியர்கள், அவர்கள் அனுப்பியது ஆண்களை. போரில் ஆண்கள் பெருமளவில் மாண்டிருந்த மேற்கு ஜெர்மனியில், தலைநகர் பானின் அமைச்சகங்களில் தனியாக வாழ்ந்த செயலாளர்கள் நிறைய. மார்க்கஸ் வொல்ஃப் தலைமையிலான கிழக்கு ஜெர்மன் உளவுத்துறை பண்பான, பொறுமையான ஆண்களை அவர்களிடம் அனுப்பியது. சிலருக்குக் கல்யாணம் வரை போனது. கேப்ரியேல காஸ்ட் என்பவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது 1968இல் இப்படி ஒருவரிடம் காதல் வயப்பட்டார். பிறகு மேற்கு ஜெர்மன் உளவுத்துறையிலேயே உயர் ஆய்வாளரானார். 1990 வரை தகவல் போய்க்கொண்டிருந்தது. இத்தனைக்குப் பிறகும் 'மயக்கும் உளவாளி' என்றால் நம் மனதில் வருவது ஒரு பெண்ணின் முகம்தான்.

பனிப்போரின் மிகப் பெரிய ரகசியத்தை நகர்த்தியதில் ஒரு குடும்பப் பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர்சுலா குசின்ஸ்கி, சோவியத் ராணுவ உளவுத்துறையின் 'சோன்யா'. ஷாங்காய், போலந்து, சுவிட்சர்லாந்து என்று சுற்றி இங்கிலாந்துக்கு வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் கிராமப்புறத்தில் பிள்ளைகளோடு குடியிருந்தபடி, அணுகுண்டு விஞ்ஞானி கிளாவ்ஸ் ஃபுக்ஸிடமிருந்து தாள்களை வாங்கி மாஸ்கோவுக்கு அனுப்பினார். 1947இல் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5இன் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள். ஃபுக்ஸ் கைதான சில வாரங்களில் கிழக்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

மாஸ்கோவிலும் இதே குருட்டுத்தனம் இருந்தது. சிஐஏ 1975இல் அங்கே அனுப்பிய மார்த்தா பீட்டர்சனை கேஜிபி பின்தொடரவே இல்லை. பெண்ணுக்கு அப்படி ஒரு வேலை கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தூதரகத்தில் சாதாரண எழுத்தர் வேலை, மாலையில் விருந்து, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். அவரோ சோவியத் வெளியுறவு அமைச்சகத்துக்குள் இருந்த ஓகரோட்னிக் என்ற ஒற்றருக்குப் பொருள்களை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். 1977 ஜூலையில் ஒரு பாலத்தில் அவரைப் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓகரோட்னிக் வேறு வழியில் ஏற்கெனவே அம்பலமாகி, நஞ்சு தின்று இறந்திருந்தார்.

கோப்பு அறையில் இருந்தவர்கள்

களத்தில் நடப்பது கதையாகிறது, கோப்பு அறையில் நடப்பது ஆவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேத மொழிகளை உடைத்த பணியாளர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பெண்கள். அங்கே ஜோன் கிளார்க் என்ற கணிதப் பட்டதாரி இருந்தார். பெண்களுக்கு அந்த நிலையில் பதவியே இல்லாததால், சம்பளத்தை உயர்த்த அவரை மொழியியலாளர் என்று பதிந்தார்கள். படிவத்தில் 'பதவி: மொழியியலாளர், தெரிந்த மொழிகள்: இல்லை' என்று நிரப்பி அவர் அதை ரசித்தார்.

எம்ஐ5இன் முதல் பெண் அதிகாரி ஜேன் ஆர்ச்சர். சோவியத் உளவுத்துறையிலிருந்து தப்பிவந்த கிரிவிட்ஸ்கியை 1940இல் விசாரித்தவர் அவர். ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளரைப் பற்றி கிரிவிட்ஸ்கி சொன்ன துப்பு, பின்னாளில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள்ளேயே சோவியத் ஒற்றராக இருந்த கிம் ஃபில்பியைத்தான் சுட்டியது. அதே ஆண்டு, மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார் என்று ஆர்ச்சரை வேலையை விட்டு நீக்கினார்கள். வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6க்குப் போனார். அங்கே அவருக்கு மேலே வந்து உட்கார்ந்தவர் ஃபில்பி. ஆர்ச்சரின் திறமை தெரிந்த அவர், தனக்கு ஆபத்தில்லாத வேலைகளை அவரிடம் தள்ளிவிட்டார். இந்த வரலாறு முழுவதிலும் ஒரு பெண்ணின் திறமையைச் சரியாக எடைபோட்ட ஆள் ஒரு துரோகி என்பது கொஞ்சம் கசப்பான வேடிக்கை.

சிஐஏவில் தட்டச்சராகச் சேர்ந்த ஜீன் வெர்ட்டெஃபாய் தலைமையிலான சிறு குழுதான், சிஐஏவுக்குள்ளேயே இருந்த துரோகியான அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸைப் பிடித்தது. ஏம்ஸ் சோவியத்துக்கு விற்ற பெயர்களில் குறைந்தது பத்துப் பேர் உயிரிழந்தார்கள். ஏம்ஸ் ஒரு சோவியத் அதிகாரியோடு சாப்பிட்ட நாள்களையும் வங்கியில் பணம் போட்ட நாள்களையும் அந்தக் குழுவின் சாண்டி கிரைம்ஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1985 மே 17 அன்று மதிய உணவு, அடுத்த நாள் 9,000 டாலர். 1994 பிப்ரவரியில் ஏம்ஸ் கைதானார். துரோகமும் ஆண்களின் தனிச்சொத்து அல்ல: அமெரிக்க ராணுவ உளவுத்துறையின் ஆய்வாளர் அனா மான்டெஸ் பல ஆண்டுகள் கியூபாவுக்குத் தகவல் கொடுத்து 2001இல் பிடிபட்டார்.

சிஐஏ 1953இலேயே தன் பெண் ஊழியர்களின் நிலையை ஆராய ஒரு குழு போட்டது. 'பாவாடைக் குழு' என்று கிண்டலாக ஒரு பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெண்களின் பதவி நிலை ஆண்களைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது என்று எண்களோடு அது காட்டியது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நாற்பது ஆண்டு கழித்து பெண் அதிகாரிகள் வழக்குக்குத் தயாரானபோது, 1995இல் 9,90,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். பிரிட்டனில் ஸ்டெல்லா ரிமிங்டன், டெல்லியில் பகுதிநேர எழுத்தராக எம்ஐ5க்குள் நுழைந்து 1992இல் அதன் தலைவரானார். பெயர் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட முதல் தலைவர் அவர்தான். எம்ஐ6க்கு முதல் பெண் தலைவர் வர 2025 வரை ஆனது.

சிஐஏவின் தலைமைக்கு 2018இல் ஜீனா ஹாஸ்பல் நியமிக்கப்பட்டபோது முதல் பெண் என்ற செய்தி தலைப்பில் வந்தது. ஆனால் செனட் விசாரணையில் உறுப்பினர்கள் துருவித் துருவிக் கேட்டது 2002இல் தாய்லாந்தில் அவர் பொறுப்பில் இருந்த ரகசியச் சிறையைப் பற்றி, அங்கே நடந்த சித்திரவதையைப் பற்றி, அதன் வீடியோக்கள் 2005இல் அழிக்கப்பட்டதில் அவர் பங்கைப் பற்றி. பல கேள்விகளுக்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 54க்கு 45 என்ற வாக்கில் நியமனம் நிறைவேறியது.